பழைய வண்டியும் பஞ்சு மிதியும்

(பழைய மாணவர் ஒருவர், பயிற்றப்பட்ட தமிழாசிரியர், நிவித்திகல)

'முட்டுக்கட்டை' என்னுஞ் சொல்லை இன்று நாம் வசைச்சொல்லாகவே வழங்கி வருகின்றோம். நற்காரியம் ஒன்றிற்கு எவரேனும் தடையாக நின்றால், 'முட்டுக்கட்டை போடுகின்றார்' என்போம். தேரோட்டங் கண்டவர்களுக்கு அச்சொல்லின் பெருமை தெரியும். வடம் பிடிப்போர் நூற்றுக்கணக்கினராயினும், தேரை வீதி மூலையில் திருப்புவதும் சரிவிற் பாயாது நிறுத்துவதும் சில்லுக்கடியிற் கட்டை கொடுக்கும் நாலைந்து பேரின் கைத்திறனேயாம். அவர்கள் கட்டையை வெறுமனே எறிவதில்லை. எவ்வளவு கொடுத்தால் தேர் எவ்வளவு தயங்கும் என்பதைக் கட்டையைப் பற்றிய கையே அவர்களுக்கு அறிவிக்கும். அந்தக் கைக்குத் தெரிகின்ற செய்தியே மோட்டார் வண்டியிற் காலுக்குத் தெரிய வேண்டும். ஆங்கிலம் பேசும் பொறியியலாளர் அதனை மிதியின் உணர்ச்சி என்பர். இக்கட்டுரை அதைப் பற்றியதே.

இம்மலருக்கு ஒரு கட்டுரை வேண்டுமென்று சங்கத்தார் கேட்டபொழுது, நன்னூலையோ சிலப்பதிகாரத்தையோ பற்றி எழுதுவோம் என்றே எண்ணியிருப்பர். அவற்றை எழுத எம்மினும் வல்லார் இக்கல்லூரியில் உளர். எம் மனத்தை அண்மைக்காலத்தில் மிகுதியும் ஆட்கொண்டிருந்தது ஒரு பழைய வண்டியின் பிறேக் மிதி. அதனால் ஈருயிர்க்கு ஊறு நேரவிருந்தது. யாம் அன்று அறியாதிருந்தவற்றை இன்று ஓரளவு அறிவோம். பழைய வண்டி வைத்திருக்கும் நண்பர்களுக்கும், பௌதிகம் பயிலும் தம்பிமாருக்கும் அது பயன்படக்கூடும் என்றே எழுதத் துணிந்தோம்.

எமது வண்டி 1960ஆம் ஆண்டு மொறிஸ் மைனர். அலெக் இசிகோனிஸ் என்பார் வரைந்த இவ்வண்டி 1948இல் இலண்டன் ஏள்ஸ் கோட் கண்காட்சியில் முதன்முதலாகக் காட்டப்பட்டது. பத்து இலட்சம் என்னும் எண்ணிக்கையை முதலில் எட்டிய பிரித்தானிய வண்டியும் இதுவே. உற்பத்தி 1970களின் தொடக்கத்தில் முடிந்துவிட்டது. ஆயினும் இலங்கையில் இது முடியவில்லை. அந்நியச் செலாவணித் தட்டுப்பாட்டால் 1960களில் வண்டி இறக்குமதி இறுகியபொழுது, உள்ள வண்டியைப் பழுதுபார்த்து ஓட்டுவதன்றி வேறு வழியிருக்கவில்லை. 1977க்குப் பின் கதவு திறந்தது. 2020இல் மீண்டும் மூடி, 2025இலேயே தனியார் வண்டிகளுக்குத் திறந்தது. ஒவ்வொரு முறை கதவு மூடியபொழுதும் மொறிஸ் மைனரின் மதிப்பு ஏறியது. இங்கிலாந்தின் பாத் நகரில் இவ்வண்டிகளைப் புதுப்பித்து வந்த சார்ள்ஸ் வெயார் என்பார், 1990களில் இதன் உடற்பாகங்களை இலங்கையிலேயே செய்விக்க ஏற்பாடு செய்தார் என்றால், நம் நாட்டுத் தகரவேலைக்காரரின் கைத்திறத்தை யாம் புகழ வேண்டியதில்லை. ஓய்வுபெற்ற தோட்டத்துக் கிளாக்கர் ஒருவரிடமிருந்து யாம் வாங்கியபொழுது எமது வண்டியின் எஞ்சின் 948 கனசென்ரிமீற்றர், நான்கு சில்லுகளிலும் ஏழங்குல டிரம் பிறேக், மிதியோ பஞ்சு.

நிவித்திகல இரத்தினபுரிக்குத் தெற்கே, தேயிலையும் இறப்பரும் இரத்தினக்கற் குழிகளும் வயலும் கலந்து கிடக்கும் ஊர். ஆண்டுக்கு 3000 மில்லிமீற்றருக்கு மேல் மழை பெய்யும் பகுதி. தோட்டத்து லயங்களிலிருந்து பெருந்தெருவிற்கு இறங்கும் பாதைகள் செங்குத்தானவை, கல்லுங் குழியுமானவை. அங்கே வண்டி வைத்திருக்கும் ஆசிரியன், தான் விரும்பினாலும் விரும்பாவிட்டாலும், இராக்காலத்தில் நோயாளர் வண்டியின் சாரதியுமாவான்.

இனி யாம் செய்த தவற்றைச் சொல்லுகின்றோம். ஒரு நாள் தரைவிரிப்பை நீக்கிப் பிறேக் ஒயிலைப் பார்த்தோம். குறைந்திருந்தது. அயற்கடையிற் பிறேக் ஒயில் இல்லை. வீட்டில் ஜக் ஒயிற் போத்தல் ஒன்று இருந்தது. ஜக்கும் ஒயிலின் அமுக்கத்தால் இயங்குவதுதானே, எண்ணெய் எண்ணெய்தானே என்று எண்ணி அதில் ஊற்றினோம். சில நாட்களில் ஓர் அதிசயம் நிகழ்ந்தது. பஞ்சு போலிருந்த மிதி கல்லைப் போல் ஆயிற்று. அரை அங்குலம் அமுக்குமுன்னே கால் நின்றது. 'பார்த்தாயா, எத்தனை ஆண்டு நோய் தீர்ந்தது' என்று மனைவியிடம் பெருமையும் பேசினோம்.

ஐப்பசி மாதத்து மழையிரவொன்றில், மேற்பிரிவு லயத்திலிருந்து எமது மாணவன் ஒருவன் நனைந்தபடி ஓடிவந்தான். அவன் தாய்க்குப் பேறுநோவு கண்டிருந்தது. அவரையும் அவர் மாமியையும் ஏற்றிக்கொண்டு இரத்தினபுரி மருத்துவமனைக்குப் புறப்பட்டோம். வண்டி வழக்கத்திலும் பாரமாக ஓடியது. கருகல் நாற்றமும் வந்தது. மழையில் எதையோ மிதித்துவிட்டோம் என்றெண்ணினோம். கடைசி இறக்கத்தில் மிதியை அமுக்கியபொழுது அது தடையின்றித் தரைவரை சென்றது. இரண்டாம் முறையும் அப்படியே. கைப்பிறேக்கை இழுத்து, முதலாங் கியருக்கு மாற்ற முயன்று பல்லை நறநறவென்று அரைத்து, முடிவில் வண்டியை மேட்டுப் பக்கத்துத் தேயிலைச் செடிகளிற் சாய்த்து நிறுத்தினோம். எவருக்குங் காயமில்லை. பின்னால் வந்த தோட்டத்து லொறி அத்தாயை ஏற்றிச் சென்றது. விடியுமுன் ஆண்குழந்தை பிறந்தது என்ற செய்தியும் வந்தது. அச்செய்தி வரும்வரை யாம் அனுபவித்ததை எழுதி முடியாது.

காலையில் நிவித்திகல ஊரிலுள்ள பாஸ் வந்தார். 'பாஸ்' என்பது டச்சுக்காரர் விட்டுச்சென்ற சொல். சிங்களத்தில் எல்லாக் கைவினைஞருக்கும் அதுவே மரியாதைப் பெயர். அவர் மிதியை அமுக்கினார். அது மீண்டும் கல்லைப் போல் இருந்தது! எம் சொல்லை நம்பாமல் எம்மையே பார்ப்பார் என்று நினைத்தோம். அவரோ முன்சில்லைத் தொட்டுப் பார்த்து, ஒயில் மூடியைத் திறந்து விரலால் தொட்டு மணந்து, பின் தமது தமிழிற் சொன்னார்: "மாஸ்டர், இது நல்ல பெடல் இல்லை. இது வருத்தம்."

அவர் சொன்னதன் பொருளை விளங்குவதற்குச் சற்றுப் பௌதிகம் வேண்டும். 1623இற் பிறந்து 1662இல் மறைந்த பிரெஞ்சு அறிஞர் பஸ்கால், அடைபட்ட திரவமொன்றில் ஓரிடத்திற் கொடுக்கும் அமுக்கம் எல்லாப் பக்கமும் குறைவின்றிப் பரவும் என்று காட்டினார். அந்நூல் அவர் மறைந்தபின் 1663இலே வெளிவந்தது. அவ்விதியை மோட்டார் வண்டியின் பிறேக்கிற்குப் பயன்படுத்தியவருள் முதன்மையானவர் அமெரிக்கரான மல்கம் லொக்ஹீட். 1921இல் வெளிவந்த டியூசன்பேர்க் வண்டியில் நான்கு சில்லுக்கும் திரவப் பிறேக் பூட்டப்பட்டது. எமது மொறிசின் பிறேக்கும் லொக்ஹீட் முறையினதே. மிதி ஒரு நெம்பு. அது தலைமை உருளையில், அதாவது மாஸ்டர் சிலிண்டரில், உள்ள ஆடுதண்டைத் தள்ளும். திரவம் குழாய் வழியே ஓடிச் சில்லுகளிலுள்ள சிற்றுருளைகளின் ஆடுதண்டுகளைத் தள்ளும். அவை பிறேக் சூக்களை டிரம்மின் உட்புறத்தில் அழுத்தும்.

இவ்வாடுதண்டுகள் ஒயில் கசியாமல் இயங்குவதற்கு இறப்பர்க் கிண்ணங்கள் உள்ளன. இங்கேதான் நம் ஊர்ப் பயிர் வருகின்றது. இயற்கை இறப்பருக்கு ஆமணக்கெண்ணெயும் கிளைக்கோல் வகைத் திரவங்களும் பகையல்ல. பழங்காலப் பிறேக் ஒயில் ஆமணக்கெண்ணெயும் மதுசாரமுங் கலந்ததே. கனிய எண்ணெய்களோ இறப்பருக்கு நஞ்சு. எமது வகுப்பில் இதனைச் செய்து காட்டினோம். இறப்பர் வளையம் ஒன்றை மண்ணெண்ணெயிலும், மற்றொன்றைப் பிறேக் ஒயிலிலும் இட்டு ஓரிரவு வைத்தோம். காலையில் மண்ணெண்ணெயிற் கிடந்தது வீங்கிக் கொழகொழத்திருந்தது. பிறேக் ஒயிலிற் கிடந்தது இட்டபடியே இருந்தது. ஜக் ஒயில் கனிய எண்ணெய் வகையைச் சேர்ந்தது.

தலைமை உருளையில் ஊசித் துளை போன்ற ஒரு சிறு துளை உண்டு. மிதியை விட்டதும் அமுக்கம் அத்துளை வழியே தொட்டிக்குத் திரும்பித் தணியும். வீங்கிய கிண்ணம் அத்துளையை மூடிவிட்டது. ஆகவே மிதியை விட்டபின்னும் அமுக்கம் தணியவில்லை. சூக்கள் டிரம்மை விட்டு விலகவில்லை. விலகாத சூவை மீண்டும் அழுத்த மிதி நெடுந்தூரம் போக வேண்டியதில்லை அன்றோ? அதுவே யாம் மெச்சிய கல் மிதி. உராய்ந்துகொண்டே ஓடிய டிரம் காய்ந்தது. காய்ந்த டிரம் ஒயிலைக் கொதிக்க வைத்தது. கொதித்த ஒயிலில் ஆவிக்குமிழி பிறந்தது. திரவம் சுருங்காது, ஆவி சுருங்கும். எம் கால் ஆவியைச் சுருக்கிக்கொண்டிருந்ததேயன்றிச் சூவைத் தள்ளவில்லை. காலையிற் குளிர்ந்தபின் ஆவி மீண்டும் திரவமாகி, மிதி மறுபடி கல்லாயிற்று. இவ்வளவையும் பாஸ் ஒரு விரலை மணந்தே அறிந்துகொண்டார்.

கொதிநிலையைப் பற்றி மேலுஞ் சில சொல்ல வேண்டும். கடைகளில் விற்கும் பிறேக் ஒயிற் போத்தலில் டொட் 3, டொட் 4 என்று எழுதியிருக்கும். டொட் 3 புதிதாயிருக்கையில் 205 செல்சியஸ் பாகைக்குக் குறையாத கொதிநிலை உடையது; டொட் 4, 230 பாகை. ஆனால் இவை காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் இயல்பின. நூற்றுக்கு ஏறத்தாழ நான்கு பங்கு நீர் சேர்ந்தால், டொட் 3 இன் கொதிநிலை 140 பாகைக்கும் டொட் 4 இனது 155 பாகைக்கும் இறங்கக்கூடும். இறப்பர்க் குழாயூடாகவும் ஈரம் புகும். எமது பகுதியின் ஈரக்காற்றில் இது விரைவாகவே நிகழும். ஈராண்டுக்கு ஒருமுறை ஒயில் முழுவதையும் மாற்றுக என்று நூல்கள் கூறும். யாம் ஆண்டுதோறும் மாற்றுகின்றோம். டொட் 5 என்பது சிலிக்கோன் வகை. அது ஈரம் உறிஞ்சாது. ஆயினும் பழைய ஒயிலோடு கலக்கக் கூடாதது. டொட் 5.1 என்பதோ பெயரால் மட்டுமே அதற்கு உறவு. அது கிளைக்கோல் வகையே. இப்பெயர்களை வைத்தவர் தமிழாசிரியராக இருந்திருக்க முடியாது.

இறக்கத்திற் பிறேக் எவ்வளவு வெப்பத்தை ஏற்கின்றது என்பதையும் தம்பிமார் கணக்கிட்டுப் பார்க்கலாம். நால்வர் ஏறிய மொறிஸ் மைனர் 1100 கிலோகிராம் என்று கொள்க. ஹப்புத்தளையிலிருந்து பெலிஹுல்ஓயாவிற்கு இறங்கினால் உயர வேறுபாடு 600 மீற்றருக்கும் மேல். 1100ஐ 9.8ஆலும் 600ஆலும் பெருக்கினால், ஏறத்தாழ 65 இலட்சம் யூல். இருபது லீற்றர் குளிர்நீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவரப் போதிய வெப்பம் இது. நியூற்றலில் விட்டு மிதியாலேயே இறங்குபவர் இவ்வெப்பத்தின் பெரும்பகுதியையும் நான்கு சிறிய வார்ப்பிரும்புச் சட்டிகளில் இடுகின்றார். எந்தக் கியரில் ஏறுவோமோ அந்தக் கியரிலேயே இறங்க வேண்டும் என்று பழைய பஸ் சாரதிகள் சொல்வதன் காரணம் இதுவே.

வண்டியைப் பாஸின் கொட்டிலுக்கு இழுத்துச் சென்றோம். இறப்பராயிருந்த எல்லாவற்றையும் அவர் கழற்றி எறிந்தார். இரும்புக் குழாய்களை மதுசாரத்தாற் கழுவினார். தலைமை உருளையைக் கழற்றுவதற்கு மட்டும் ஒரு சனிக்கிழமை முழுதுஞ் சென்றது. மொறிசில் அது சாரதியின் காலடியில், அடிச்சட்டத்தினுள்ளே ஒளிந்திருக்கின்றது. அதன் ஆணியை உருவவிடாமல் முன்சில்லைத் தாங்கும் முறுக்குக்கோல் குறுக்கே நிற்கின்றது. இசிகோனிஸ் பெரிய அறிஞர் என்பதில் ஐயமில்லை. ஆனால் அந்த ஆணியை அவர் தம் கையால் ஒருமுறையாவது கழற்றியிருந்தால் வேறோரிடத்தில் வைத்திருப்பார் என்று பாஸ் சிங்களத்தில் சொன்னார். அவர் சொன்ன முறையில் இங்கு எழுத இயலாது.

புதிய கிண்ணங்கள், புதிய ஒயில், காற்றெடுத்தல் எல்லாம் முடிந்தது. ஆபத்து நீங்கிற்று. ஆயினும் மிதி மீண்டும் பஞ்சாகவே இருந்தது. இங்கேதான் எமது உண்மையான பாடந் தொடங்கியது.

அக்காலத்தில் எமது பழைய மாணவன் ஒருவன் கொழும்பிலிருந்து வந்திருந்தான். பெரிய கராச்சொன்றில் வேலை செய்பவன். "சேர், இந்தப் பழைய சாமானெல்லாம் வேண்டாம். முன்னுக்கு டிஸ்க் போடுவோம், ஒரு அங்குல மாஸ்டர் சிலிண்டர் போடுவோம், பெடல் கல்லு மாதிரி நிக்கும்" என்றான். அன்பினாற் சொன்னான். கல் மிதியை நம்பி ஒருமுறை கெட்ட யாம், இம்முறை தாளும் பென்சிலும் எடுத்தோம்.

மிதியின் நெம்பு ஐந்து மடங்கு விசை தருவதென்றும், கால் 50 இறாத்தல் விசையோடு அமுக்குவதென்றுங் கொள்வோம். ஆடுதண்டின் மேல் 250 இறாத்தல் விசை விழும். உருளையின் விட்டம் எட்டிலேழு அங்குலமானால் அதன் முகப்பரப்பு 0.60 சதுர அங்குலம். திரவத்தில் எழும் அமுக்கம் சதுர அங்குலத்திற்கு ஏறத்தாழ 416 இறாத்தல். விட்டத்தை ஓரங்குலமாக்கினால் பரப்பு 0.785 ஆகின்றது, அமுக்கமோ 318ஆகக் குறைகின்றது. முக்கால் அங்குலமாக்கினால் அமுக்கம் 566ஆக உயர்கின்றது. மிதி செல்லுந் தூரம் இதற்கு நேரெதிர். எட்டிலேழில் நான்கு அங்குலஞ் செல்லும் மிதி, ஓரங்குல உருளையில் மூன்று அங்குலமே செல்லும். முக்கால் அங்குல உருளையில் ஏறத்தாழ ஐந்தரை அங்குலஞ் செல்லும். ஆகவே பெரிய உருளையைப் பூட்டினால் மிதி குட்டையாகி இறுகும், சாரதி மகிழ்வார், ஆனால் அதே அளவு நிறுத்தத்திற்கு அவர் கால் நூற்றுக்கு முப்பது பங்கு மிகுதியாக அமுக்க வேண்டும். இறுக்கம் வேறு, நிறுத்தும் வலிமை வேறு. இரண்டையும் ஒன்றென மயங்குவதே பழைய வண்டிக்காரரின் பெரும்பிழை.

டிஸ்க்கைப் பற்றியும் எண்ணிப் பார்த்தோம். மொறிசின் முன்சில்லில் இரு சூக்கள்; ஒவ்வொன்றிற்குந் தனிச் சிற்றுருளை உண்டு. வண்டி முன்னோக்கி ஓடுகையில், சுழலும் டிரம் அவ்விரு சூக்களையும் தன்னோடு இழுத்து இன்னும் இறுக்கிக்கொள்ளும். கால் கொடுத்த விசையைச் சில்லே பெருக்குகின்றது. (பின்னோக்கி உருளும்போது இவ்வுதவி இல்லை, ஆகவே ஏற்றத்தில் நிறுத்தும்போது மொறிஸ்காரர் கைப்பிறேக்கை மறக்கலாகாது.) டிஸ்க்கில் இத்தன்னிறுக்கம் கிடையாது. அதனால் அது வெப்பத்திலும் ஈரத்திலும் ஒரே சீராகப் பிடிக்கும்; காலுக்கும் நேர்மையான செய்தி தரும். ஆனால் மிகுந்த அமுக்கங் கேட்கும். அவ்வமுக்கத்தைத் தருவதற்குச் சிறிய உருளையோ, எஞ்சினின் வெற்றிடத்தால் இயங்கும் சேர்வோவோ வேண்டும். டிஸ்க்கையும் பெரிய உருளையையும் ஒருங்கே பூட்டி, சேர்வோவைப் பூட்டாவிட்டால், கல்லைத்தான் மிதித்துக்கொண்டிருப்போம், வண்டி நிற்காது. மேலும், டிரம் பிறேக்கிற்கென அமைந்த தலைமை உருளையின் முனையில், குழாயிற் சிறிதளவு அமுக்கத்தை எப்பொழுதும் நிறுத்தி வைக்கும் வால்வு ஒன்று உண்டு. அதை நீக்காமல் டிஸ்க்கைப் பூட்டினால் டிஸ்க் உராய்ந்துகொண்டேயிருக்கும். அது எவ்வாறு முடியும் என்பதை யாம் தேயிலைச் செடிகளுக்கிடையிற் கற்றுக்கொண்டோம்.

சேர்வோ மட்டும் போதாதா என்று கேட்கலாம். அது அமுக்கத்தை ஏறத்தாழ இரு மடங்காக்கும். கால் வலியுள்ளவருக்கு அது நன்று. ஆனால் பஞ்சு மிதிக்கு அது மருந்தன்று. பஞ்சை மறைக்குந் திரையேயாம். எஞ்சின் நின்றுவிட்டால், சேமித்த வெற்றிடம் ஓரிரு மிதிப்பிலே தீர்ந்து, சேர்வோவும் நின்றுவிடும். பழைய எஞ்சின் இறக்கத்தில் நிற்பது அரிதன்று.

தம்பி சற்றே முகங்கோணினான். "அப்ப சேர், என்னதான் செய்யப் போறீங்க?" என்றான். பஞ்சு எங்கேயிருக்கின்றது என்று முதலிற் பார்ப்போம் என்றோம்.

பார்க்கும் முறை எளிது. மிதியை ஒருமுறை மெதுவாக அமுக்குக. பின் விரைந்து இருமுறை அமுக்குக. இரண்டாம் முறை மிதி உயர்ந்து வந்தால், சூக்கள் டிரம்மிலிருந்து மிக விலகியுள்ளன, அல்லது குழாயிற் காற்றுண்டு. அமுக்கிப் பிடித்திருக்கையில் மிதி மெல்ல மெல்ல இறங்கினால், எங்கோ கசிவு. வெளியில் ஈரம் இல்லையேல் தலைமை உருளையின் உள்ளே. மிதி இறுகியும் வண்டி நில்லாவிட்டால், லைனிங் கண்ணாடி போல் மினுங்கிவிட்டது, அல்லது அதிற் கிரீஸ் பட்டுவிட்டது. காலடியில் மிதி துடித்தால் டிரம் வட்டம் தப்பியுள்ளது. காற்றுக்குமிழி என்ன செய்யும் என்பதை எம் மாணவர்க்கு ஊசி போடும் இரு சிறிஞ்சுகளாற் காட்டினோம். சிறிதும் பெரிதுமான இரண்டையும் ஒரு குழாயால் இணைத்து நீர் நிரப்பி, ஒன்றைத் தள்ளினால் மற்றது உடனே நகரும். பயற்றளவு காற்று உட்புகுந்தால் கட்டைவிரலுக்குப் பஞ்சு தெரியும். ஒரு மாணவி, "காத்து உள்ளுக்கு ஒளிஞ்சுகிட்டுச் சிரிக்குது சேர்" என்றாள். பாடநூலில் இவ்வளவு நல்ல விளக்கம் இல்லை.

எமது வண்டியின் பஞ்சு ஓரிடத்தில் இருக்கவில்லை. முதலாவது, மிதி சுழலும் அச்சின் புஷ் தேய்ந்து, மிதி பக்கவாட்டில் அரை அங்குலம் ஆடியது. கால் கொடுத்த தூரத்திற் சிறு பங்கை அந்த ஆட்டமே தின்றது. ஊரிலுள்ள கடைசற்காரர் பித்தளையில் ஒரு புஷ் கடைந்து தந்தார். மொத்த வேலையில் மிகச் சிறிய செலவு இதுவே. காலுக்குத் தெரிந்த மாற்றத்திலோ இது பெரிது. இரண்டாவது, சில்லுகளுக்குச் செல்லும் இறப்பர்க் குழாய்கள் மூன்றும் வயதாகி மென்மையடைந்திருந்தன. பாஸ் மிதியை அமுக்கச் சொல்லிக் குழாயைக் கையாற் பற்றச் செய்தார். இரத்தக்குழாய் போல் அது உப்பிற்று. புதிய குழாய் மாற்றினோம். பின்னற்கம்பிச் சட்டையிட்ட குழாய்களும் இன்று கிடைக்கின்றன. அவை இன்னுங் குறைவாகவே உப்பும். ஆனால் உள்ளே தேய்வது வெளியே தெரியாது என்று பாஸ் அவற்றை விரும்பவில்லை.

மூன்றாவதே எவரும் எதிர்பாராதது. சூக்களுக்குப் புதிதாக ஒட்டிய லைனிங் டிரம்மின் வளைவுக்குப் பொருந்தவில்லை. பலமுறை கடைந்த டிரம் அகன்றுவிட்டது. லைனிங்கோ பழைய வட்டத்திற்கு அளவானது. எனவே நடுப்பகுதி மட்டும் டிரம்மைத் தொட, இரு முனைகளும் தொடாமல் நின்றன. அமுக்க அமுக்கச் சூ சிறிது வளைந்தது. அவ்வளைவே காலுக்குப் பஞ்சாகத் தெரிந்தது. காற்றெடுத்துக் காற்றெடுத்துச் சலித்தவர் பலர் காணாத இடம் இது. பாஸ் டிரம்மின் உட்புறத்திற் சுண்ணக்கட்டியைத் தடவி, சூவை வைத்து அழுத்தித் தேய்த்து, எங்கே வெண்மை ஒட்டுகின்றதோ அங்கே மட்டும் அராவினார். நான்கு சில்லுக்கும் இரண்டு நாட் சென்றன. இங்கே ஓர் எச்சரிக்கை: பழைய லைனிங்குகளில் அஸ்பெஸ்ரஸ் உண்டு. அதன் தூளை ஊதவோ காற்றடித்துப் போக்கவோ கூடாது; நுரையீரலிற் படிந்தால் நீங்காது. ஈரத்துணியால் துடைத்து, அத்துணியையுங் கட்டி எறிய வேண்டும்.

இவ்வளவுஞ் செய்தபின் ஒரேயொரு மாற்றத்தை மட்டும் யாம் விரும்பி ஏற்றோம். 1962இல் எஞ்சினை 1098 கனசென்ரிமீற்றராகப் பெருப்பித்தபொழுது, மொறிஸ் கம்பனியாரே முன்சில்லின் டிரம்மை ஏழிலிருந்து எட்டு அங்குலமாக்கினர். அதே வண்டியின் தம்பிக்குப் பொருந்தியது அண்ணனுக்கும் பொருந்தும் அன்றோ? கொழும்புப் பஞ்சிகாவத்தையில், உடைத்த வண்டியொன்றின் எட்டங்குல டிரம், பின்தட்டு, சூ, சிற்றுருளை யாவும் ஒருசேரக் கிடைத்தன. டிரம்மை மட்டும் வாங்கலாகாது; இவை ஒரு குடும்பம். அகன்ற டிரம் ஆதலால், அதே அமுக்கத்திற்கு மிகுந்த பிடிப்பு; இரும்பு மிகுதியாதலால் வெப்பத்தையும் கூடத் தாங்கும். கொழும்புத் தம்பியே அவற்றைப் பஸ்ஸில் ஏற்றிக் கொண்டுவந்தான். விரைவுப்பாதைகளில் ஓடும் வண்டிக்கு அவன் சொன்ன டிஸ்க்கே தகுமென்பதை மறுக்கவில்லை. மணிக்கு நாற்பது கிலோமீற்றரைத் தாண்டாத எம் பாதைகளுக்கு இது போதும்.

இறுதிக் காற்றெடுப்பு ஒரு ஞாயிற்றுக்கிழமை நடந்தது. தலைமை உருளைக்கு மிகத் தொலைவிலுள்ள இடது பின்சில்லில் தொடங்கி, வலது பின், இடது முன், வலது முன் என்று முடிப்பது முறை. மிதியில் உட்கார்ந்து அமுக்கியவன் அன்றிரவு நனைந்து ஓடிவந்த அந்தச் சிறுவன். தானாகவே வந்திருந்தான், யாம் அழைக்கவில்லை. பாஸ் கீழேயிருந்து "அமுக்கு" என்பார், ஆணியைத் தளர்த்துவார், போத்தலிற் குமிழி வரும், இறுக்குவார், "விடு" என்பார். குமிழி நின்றபின் சூக்களை டிரம்மின் துளை வழியே திருகாணிச் சாவியால் இறுகும்வரை திருப்பி, ஒரு பல்லுப் பின்வாங்கினார். முன்சில்லுகளில் இவ்விரண்டு இடம், பின்சில்லுகளில் ஒவ்வோரிடம்.

"எப்படித் தம்பி இருக்கு?" என்று கேட்டோம்.

"கல்லு மாதிரி இல்ல சேர். மொதல்ல கொஞ்சம் போகுது. அப்புறம் எவ்வளவு மிதிக்கிறோமோ அவ்வளவு எதிர்க்குது" என்றான்.

பாஸ் வண்டிக்கடியிலிருந்து தலையை நீட்டி, "அதுதான் சரி" என்றார்.

பின்னர் மேற்பிரிவு இறக்கத்தில் மூன்று முறை ஏறியிறங்கினோம். முதல்முறை யாம் தனியே. இரண்டாம் முறை பாஸோடு. மூன்றாம் முறை அச்சிறுவனும், கைக்குழந்தையோடு அவன் தாயும் ஏறிக்கொண்டனர். தேயிலைச் செடிகள் முறிந்த இடம் இன்னும் தெரிகின்றது. ஒவ்வொரு முறையும் இறங்கிச் சில்லுகளைப் புறங்கையால் தொட்டுப் பார்த்தோம். நான்கும் ஏறத்தாழ ஒரே சூடு. வெள்ளம் வந்தால் டிரம்மினுள் நீர் புகும் என்பதை 2003லும் 2017லும் இரத்தினபுரி வெள்ளங் கண்டவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. நீரைக் கடந்தபின் சிறிது தூரம் மிதியை மெல்ல அமுக்கியபடி ஓட்டி உலர்த்திக்கொள்ளுகின்றோம்.

ஒன்று மட்டும் எஞ்சியுள்ளது. இவ்வண்டியில் நான்கு சில்லுக்கும் ஒரே திரவ வழி. எங்கே ஒரு குழாய் வெடித்தாலும் நான்கும் போம். பிற்கால வண்டிகளில் வழியை இரண்டாகப் பிரித்துவிட்டனர். அத்தகைய இரட்டை உருளை ஒன்றை மொறிசின் காலடியில் எவ்வாறு பொருத்துவது என்று பாஸும் கொழும்புத் தம்பியும் அட்டைப்பெட்டியில் வரைந்துகொண்டிருக்கின்றனர். அது நிறைவேறும்வரை, கைப்பிறேக்கின் கம்பியை மாதந்தோறும் பார்த்துக் கிரீஸ் இடுகின்றோம். அன்று எம்மை நிறுத்தியது அதுவன்றோ. ஜக் ஒயிற் போத்தல் இன்னும் எம் கொட்டிலிலேயே உள்ளது. அதன்மேல் அச்சிறுவன் சிவப்பு மையால், 'சேர், இது பிறேக்குக்கு இல்லை' என்று எழுதி ஒட்டியிருக்கின்றான்.